பூட்டைக் கழற்றுவது பரிகாரமா?

கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ச்சி செய்யும் நம் மாணவர்களிடையே ஒரு மந்திரம் வழங்கி வருகிறது. மூத்தவர் இளையவருக்கு ஓதுவார். இளையவர் அடுத்த ஆண்டு வருபவருக்கு ஓதுவார். எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் செவிவழியாகவே அது வாழ்ந்து வருகிறது. தமிழ் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விடுதி மேசையில் நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"அண்ணே, புரோகிராம் ஓடமாட்டேங்குது. 'நோ லாக்ஸ் அவைலபிள்'னு வருது. எண் 37னு போட்டிருக்கு."

"அதுவா தம்பி? லாக்கிங்கை நிறுத்திடு. ஒரே வரிதான், அனுப்பறேன். ஓடிடும்."

ஓடிவிடுகிறது. தொல்லையே அங்கேதான் இருக்கிறது. ஓடாமல் நின்றிருந்தால், ஏன் நின்றது என்று யாரேனும் கேட்டிருப்பார்கள். ஓடிவிட்டதால் கேள்வி அங்கேயே மாண்டு போகிறது. ஆறு மாதம் கழித்து, இரண்டு கணிப்பொறிகள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதி, ஒன்றின் எண்கள் இருந்த இடத்தில் மற்றொன்றின் எண்கள் ஏறி உட்கார்ந்திருப்பதைக் காணும்போது, சாப்பாட்டு மேசையில் பெற்ற அந்த ஒரு வரி எவர் நினைவிலும் இராது. சர்வரைத் திட்டுவார்கள்; வட்டைத் திட்டுவார்கள்; சில சமயம் தம் வழிகாட்டிப் பேராசிரியரின் சூத்திரத்தையே ஐயுறுவார்கள்.

கோப்புப் பூட்டில் கோளாறு என்றால் முதலில் தடம் பார்க்க வேண்டும். பூட்டைக் கழற்றுவதைப் பற்றி அதன் பிறகுதான் நினைக்கவும் வேண்டும். இதுவே என் கட்சி. கட்சியை நிலைநாட்ட, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். பொறியியல் பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க.

பூட்டு என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. இரும்புப் பூட்டும் கதவும் நினைவுக்கு வருகின்றன. யூனிக்ஸ் மரபில் வந்த கணிப்பொறிகளில் உள்ள கோப்புப் பூட்டு அத்தகையதன்று. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் சன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடிக்கிறார்களே, அதுதான் அது. துண்டு கிடக்கும் இருக்கையில் உட்காரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரும் வழக்கம் உள்ளவரைதான் துண்டுக்கு மதிப்பு. துண்டைக் கவனியாமல் ஒருவர் வந்து அமர்ந்துவிட்டால் துண்டு அவரைத் தடுக்காது. கோப்புப் பூட்டும் அவ்வாறே. 'எனக்கு இந்த இடம் கிடைக்குமா?' என்று கேட்கும் நிரலுக்குத்தான் அது விடை சொல்லும். கேளாமலே எழுதும் நிரலை அது தொடுவதில்லை.

துண்டு போடுவதிலும் இரு வகை உண்டு. 'எப்லாக்' என்பது பலகை முழுவதற்கும் துண்டு விரிப்பது. 'எப்கண்ட்ரோல்' என்ற அழைப்பின் வழியாகப் பெறும் பூட்டு, கோப்பில் இத்தனாவது பைட்டிலிருந்து இத்தனாவது பைட் வரை என்று ஓரிடத்துக்கு மட்டும் கைக்குட்டை போடுவது. இரண்டாவது வகைக்கு ஒரு விசித்திர விதி உண்டு. ஒரு நிரல் ஒரே கோப்பை இரண்டு முறை திறந்துவிட்டு, அவற்றுள் எதை மூடினாலும், அந்தக் கோப்பின்மீது அந்த நிரல் போட்ட பூட்டுக்கள் அத்தனையும் போய்விடும். நாம் எழுதிய நிரல் ஒழுங்காகப் பூட்டியிருக்கும். நாம் அழைத்த ஏதோ ஒரு நூலகம் அதே கோப்பைத் திறந்து நான்கு வரி படித்துவிட்டு நல்ல பிள்ளையாக மூடும். பூட்டு போயே போய்விட்டது! பிழைச்செய்தி எதுவும் வராது. இத்தொல்லை நீங்குவதற்காக லினக்ஸில் 3.15ஆம் பதிப்பில், 2014ஆம் ஆண்டு, வேறு வகைப் பூட்டு ஒன்றையே கொண்டு வந்தார்கள்.

நிற்க. இதுவரை சொன்னது ஒரே கணிப்பொறிக்குள் நடப்பது. அங்கே கண்டக்டர் ஒருவர், பேருந்து ஒன்று, எல்லாரும் அவர் கண்முன் இருக்கிறார்கள். நம் துறைகளிலோ நிலைமை வேறு. கோப்புக்கள் எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. இருபது முப்பது கணிப்பொறிகள் வலை வழியாக அவற்றைத் தம்முடையவை போலப் பாவித்துத் திறந்து எழுதுகின்றன. இதற்குப் பெரும்பாலும் துணை செய்வது என்.எப்.எஸ். என்னும் வலைக் கோப்பு முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் நடுவில் இதை உலகுக்கு அளித்தது.

அதை வகுத்தவர்கள் ஓர் அழகான கொள்கையைக் கடைப்பிடித்தார்கள். சர்வர் எதையும் நினைவில் வைத்துக் கொள்ளக் கூடாது என்பது அது. கேட்டதைக் கொடு, கொடுத்ததை மற. சர்வர் மின்வெட்டால் விழுந்து எழுந்தாலும், கேட்டவர் மறுபடி கேட்பார், அது மறுபடி கொடுக்கும், குழப்பமே இல்லை. ஆனால் பூட்டு என்பதே நினைவு அல்லவா? யார் எந்த இடத்தில் துண்டு போட்டார் என்பதை மறந்துவிட்ட கண்டக்டரிடம் துண்டு போட்டு என்ன பயன்? ஆகவே, 1995இல் வெளியான மூன்றாம் பதிப்பு வரையிலும், பூட்டு வேலையை மூல முறைக்கு வெளியே நிறுத்தி இரு பணியாளர்களிடம் ஒப்படைத்தார்கள். 'லாக்டி' பூட்டுக் கணக்கை வைத்திருக்கும். 'ஸ்டாட்டி' யார் உயிரோடு இருக்கிறார், யார் விழுந்து எழுந்தார் என்ற செய்தியைச் சுமந்து செல்லும். ஒரு கணிப்பொறி விழுந்து மறுபடி எழுந்ததும், 'நான் புதிதாய் எழுந்திருக்கிறேன். என் பழைய துண்டுகளை எடுத்துவிடுங்கள்' என்று தன் ஸ்டாட்டி மூலம் சர்வருக்குச் சொல்லி அனுப்பும். எழவே இல்லை என்றால்? யாரும் சொல்லப் போவதில்லை. துண்டு அப்படியே கிடக்கும். அல்லது, எழுந்து சொல்லும்போது சர்வர் அறிந்து வைத்திருக்கும் பெயர் ஒன்றாகவும் இவர் சொல்லும் பெயர் வேறொன்றாகவும் இருந்தால், அப்போதும் கிடக்கும். 'கோப்பு பூட்டியபடியே இருக்கிறது, ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை' என்று நாம் புலம்பும் பேய்ப் பூட்டுக்களிற் பல இப்படிப் பிறந்தவை.

2000ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு இந்த இரட்டை வேலையாள் முறையை ஒழித்தது. பூட்டு இப்போது மூல முறைக்குள்ளேயே வந்துவிட்டது; 2049 என்ற ஒரே வாயில் போதும். சர்வர் நினைவு வைத்துக் கொள்ளும், ஆனால் குத்தகைக்கு. லினக்ஸ் சர்வரில் அக்குத்தகை வழக்கமாக 90 வினாடி. அதற்குள் 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்காதவருடைய துண்டைச் சர்வர் எடுத்துவிடலாம். சர்வரே விழுந்து எழுந்தால் 90 வினாடி சலுகைக் காலம் கொடுக்கும். முன்பு இடம் வைத்திருந்தவர்கள் அதற்குள் வந்து உரிமை கோர வேண்டும்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் கைமாற்றிக் கொள்ளும் பரிகாரங்களிற் பாதி, எந்தக் காலத்து நோய்க்கு எழுதப்பட்டவை என்று தெரியாமலே வழங்குகின்றன. லினக்ஸ் 2.6.11 வரை எப்லாக் பூட்டு வலைக்கோப்பில் போடப்பட்டால் அந்த ஒரு கணிப்பொறிக்குள் மட்டுமே செல்லும்; மற்றக் கணிப்பொறிக்கு அது தெரியவே தெரியாது. 2005இல் வந்த 2.6.12 முதல் அது கோப்பு முழுவதற்குமான எப்கண்ட்ரோல் பூட்டாக மாற்றிச் சர்வருக்கு அனுப்பப்படுகிறது. '2004இல் ஒருவர் சொன்னார், எப்லாக் வலையில் பயன்படாது' என்று இன்று மேற்கோள் காட்டும் நண்பருக்கு இது தெரிவதில்லை. அவர் மேற்கோள் பொய்யன்று, காலம் கடந்தது.

இனி மந்திரத்துக்கு வருகிறேன். அந்த 37ஆம் எண் எதைச் சொல்கிறது? 'பூட்டுக் கொடுக்க இயலவில்லை' என்று சொல்கிறது. ஏன் இயலவில்லை என்பதைச் சொல்லவில்லை. மூன்றாம் பதிப்பில் இதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. நம் கணிப்பொறியில் ஸ்டாட்டி பணியாளனைத் தொடங்கிவைக்க மறந்திருப்பார்கள். அவன் இல்லாமல் லாக்டி பூட்டு வாங்க மறுக்கும். கெர்னலின் குறிப்பேட்டில் 'இன்னாரைக் கண்காணிக்க முடியவில்லை' என்று ஒரு வரியும் எழுதி வைக்கும். அந்த வரியைப் படித்தவனுக்குப் பரிகாரம் ஒரு கட்டளை. படிக்காதவன் ஓர் ஆண்டு முழுவதும் பூட்டில்லாமல் ஆராய்ச்சி செய்கிறான்!

தடம் பார்ப்பது பெரிய வித்தை என்று பலர் அஞ்சுகிறார்கள். களவு போன மாட்டின் குளம்படியைப் பார்த்தே எந்த ஊர்ப் பக்கம் போயிற்று என்று சொல்லும் பெரியவர்கள் நம் கிராமங்களில் இருந்தார்கள். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் பயின்றதில்லை. பொறுமையாகக் குனிந்து பார்த்தார்கள், அவ்வளவே. இங்கும் குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள் சிலவே.

நிரல் தன் வாயால் என்ன கேட்கிறது என்பதை 'எஸ்டிரேஸ்' காட்டும். அது ஈன்ற பிள்ளை நிரல்களையும் தொடரச் சொல்லி, பூட்டு அழைப்புக்களையும் திறப்பு மூடல் அழைப்புக்களையும் மட்டும் வடிகட்டிப் பார்த்தால், பக்கம் பக்கமாய் வராது. சில பத்து வரிகளே வரும். மேலே சொன்ன விசித்திர விதியால் பூட்டை இழந்த நிரலில் இது கண்ணாடி போல் தெரியும்: மூன்றாம் கைப்பிடியில் பூட்டு, அதே கோப்பு நான்காம் கைப்பிடியில் திறப்பு, நான்காவது மூடல். பூட்டை விடுவிக்கும் அழைப்பு எங்கும் இல்லை. ஆயினும் வலையைப் பார்த்தால் அந்தக் கணத்தில் சர்வருக்கு விடுவிப்புச் செய்தி போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் உள்ள இன்பத்தை ஒருமுறை அனுபவித்தவர் மறக்கமாட்டார்.

கெர்னல் தன் கணக்கை 'ப்ராக்' அடைவில் 'லாக்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு பூட்டுக்கு ஒரு வரி. எந்த வகை, படிக்கவா எழுதவா, எந்த நிரல் எண், எந்தக் கோப்பின் ஐநோடு எண், எங்கிருந்து எங்கு வரை. 'எல்எஸ்லாக்ஸ்' என்ற கட்டளை அதையே கோப்பின் பெயரோடு அழகாக அடுக்கிக் காட்டும். நான்காம் பதிப்புச் சர்வரில், 2019இல் வந்த லினக்ஸ் 5.3 முதல், ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் அடைவு வைத்து, அது யார், எந்த முகவரி, எந்தக் கோப்பைத் திறந்து எந்தப் பூட்டை வைத்திருக்கிறது என்பதையெல்லாம் சர்வரே எழுதிக் காட்டுகிறது. இதைத் திறந்து பார்த்த மாணவர் நம்மில் எத்தனை பேர்?

கடைசியாக, கம்பி. 'டிசிபிடம்ப்' கொண்டு பொட்டலங்களைப் பிடித்து 'வயர்ஷார்க்'கில் திறந்தால், பூட்டு உரையாடல் முழுவதும் வரிக்கு வரி விரியும். ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் பதிப்பில் ஏற்றிய ஒரு கணிப்பொறியில் நிரல் ஒன்று பூட்டுக்காகக் காத்திருக்கிறது. முன்னவர் பூட்டை விட்டுவிட்டார். ஆனால் இவருக்குக் கிடைப்பதற்குச் சில சமயம் அரை நிமிடம் வரை ஆகிறது. பிழை எதுவும் இல்லை, வேகம் மட்டும் குறைவு. 'சர்வர் மெதுவு' என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். கம்பியைப் பார்த்தால் கதை வேறு. 'காத்திரு, கிடைத்ததும் நானே கூப்பிடுகிறேன்' என்று சர்வர் சொல்கிறது. கிடைத்ததும் கூப்பிடவும் செய்கிறது. அந்தக் கூப்பாடு இவர் கணிப்பொறியின் பயர்வாலில் முட்டி விழுகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு அல்லவா! லினக்ஸ் கெர்னல் மட்டும் 30 வினாடிக்கு ஒருமுறை தானே எழுந்து மறுபடி கேட்டுப் பார்ப்பதால், ஏதோ நடந்து கொண்டிருக்கிறது. அந்த 30 என்ற எண்ணே துப்பு. வேகக் குறைவுக்கு 30 வினாடி எல்லை கட்டிக் கொண்டு நிற்கும் பழக்கம் கிடையாது. கடிகாரம் வைத்திருப்பவன் எவனோ ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று அது காட்டிக் கொடுக்கிறது.

இவற்றையெல்லாம்விட என் கட்சிக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. ஒரு துறையின் கணிப்பு அறையில் நானும் வேறு துறை நண்பர் இருவரும் நேரிற் கண்டது அது. துறையின் பெயர் இங்கே தேவையில்லை.

அந்த அறையில் 18 கணிப்பொறிகள். இரவில் ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறு கணக்கு ஓடும். முடிந்ததும் ஒரு பொதுக் கோப்பைப் பூட்டி, அதன் கடைசியில் தன் விடையைச் சேர்த்துவிட்டுப் பூட்டை விடும். காலையில் வந்து பார்த்தால் சில கணக்குகள் 'இன்புட் அவுட்புட் எரர்' என்று செத்துக் கிடக்கும். சில இரவுகளில் இரண்டு, சில இரவுகளில் ஆறு. விடுமுறையில் ஒரே கணிப்பொறியை மட்டும் ஓட்டினால் எல்லாம் சரியாக முடியும். ஆகவே 'பளு தாங்கவில்லை' என்று முடிவு கட்டினார்கள். வலையின் சுவிட்சை மாற்றினார்கள். அதன் பிறகும் அதே கதை. ஒருவர் நம் மந்திரத்தைச் சொன்னார். மற்றொருவர் அதனினும் நுட்பமானது ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார். இழந்த பூட்டைக் கேள்வி கேட்காமல் மறுபடி பிடித்துக் கொள்ளச் சொல்லும் ஓர் அமைப்பு கெர்னலில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தரவு கெடலாம் என்று கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. எச்சரிக்கை அடுத்த வரியிலேயே இருக்கிறது. அவர் முதல் வரியோடு நிறுத்திக் கொண்டார்.

கெர்னல் குறிப்பேட்டைப் புரட்டினோம். 'லாக் ரிகிளெய்ம் பெயில்ட்' என்று இறந்த கணக்குகளின் நேரத்தோடு ஒட்டிய வரிகள். இழந்த பூட்டை மீட்க முயன்றேன், முடியவில்லை என்பது பொருள். மீட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? சர்வர் பல வாரங்களாக விழவில்லை. வலை அறுபடவில்லை. சர்வரில் கணிப்பொறிகளின் அடைவைத் திறக்கச் சொன்னோம். 18 கணிப்பொறிகள் ஓடிக் கொண்டிருக்கின்றன. 18 அடைவு இருக்க வேண்டும். இருந்தது ஒன்று! மறுபடி பார்த்தபோது இரண்டு; பிறகு ஒன்று.

பொறுப்பாளரின் அனுமதியோடு பத்து நிமிடம் பொட்டலங்களைப் பிடித்தோம். ஒரு முகவரியிலிருந்து அறிமுகச் செய்தி வருகிறது: 'நான் லினக்ஸ், நான்காம் பதிப்பு, பெயர் லோக்கல்ஹோஸ்ட்.' சிறிது நேரத்தில் இன்னொரு முகவரியிலிருந்து அறிமுகச் செய்தி: அதே சொற்கள், அதே பெயர். உடனே முதல்வரின் அடுத்த கேள்விக்குச் சர்வர் 'உன் தொடர்பு செல்லாது' என்று விடை தருகிறது. முதல்வர் மறுபடி அறிமுகம் செய்து கொள்கிறார், இரண்டாமவர் வெளியேற்றப்படுகிறார். இரவெல்லாம் இசை நாற்காலி விளையாட்டு!

நடந்தது இதுதான். 18 கணிப்பொறிகளையும் ஒரே வட்டிலிருந்து படியெடுத்து அமைத்திருந்தார்கள். தனித்தனிப் பெயர் சூட்டவில்லை. நான்காம் பதிப்பில் லினக்ஸ் கணிப்பொறி, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தன் பெயரைக் கொண்டே தன்னைச் சர்வருக்கு அடையாளம் காட்டுகிறது. கூடவே தான் எழுந்த வேளைக்கான ஒரு முத்திரையையும் அனுப்புகிறது. பெயர் அதே, முத்திரை வேறு என்றால், 'அந்த ஆள் விழுந்து மறுபடி எழுந்திருக்கிறான்' என்று சர்வர் முடிவு செய்து அவனுடைய பழைய பூட்டுக்களை நீக்கிவிடும். முன் வாசலில் ஏறித் துண்டு போட்டு அமர்ந்திருக்கிறார் ஒரு முருகன். பின் வாசலில் இன்னொரு முருகன் ஏறித் தன் பெயரைச் சொல்கிறார். 'முருகன் இறங்கி மறுபடி ஏறியிருக்கிறார் போலும்' என்று கண்டக்டர் முதல் முருகனின் துண்டைத் தூக்கி வெளியே எறிகிறார். கண்டக்டர்மீது குற்றம் சொல்ல முடியுமா? விதிப்படி நடந்தார். ஒரே கணிப்பொறி ஓடும்போது தொல்லை இல்லாததன் காரணமும் இதுவே. பளுவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

பரிகாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டியது. அரை மணி நேரம் ஆயிற்று.

இப்போது எண்ணிப் பாருங்கள், மந்திரம் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூட்டே போடாத நிரலுக்கு இழப்பதற்குப் பூட்டு இல்லை. ஆகவே பிழைச்செய்தி வந்திராது. 18 கணக்குகளும் இரவெல்லாம் ஓடிக் காலையில் 'முடிந்தது' என்றிருக்கும். ஆனால் வலைக்கோப்பு முறையில் 'கடைசியில் சேர்' என்ற வேலைக்குத் தனியான கட்டளை கிடையாது. கோப்பு எங்கே முடிகிறது என்று கணிப்பொறியே பார்த்துக் கொண்டு அந்த இடத்தில் எழுதும். இருவர் ஒரே வேளையில் பார்த்தால் இருவருக்கும் ஒரே இடம் தெரியும். இருவரும் அங்கேயே எழுதுவார்கள். பின்னவர் முன்னவரை அழிப்பார். முன்னவருடைய விடை இருந்த சுவடே இராது. காலையில் வரும் மாணவருக்கு 18 விடைக்குப் பதில் 15 விடை கிடைக்கும். அல்லது பாதியில் ஒட்டிய ஓர் எண் கிடைக்கும். அந்த எண் வரைபடத்தில் ஏறும். வரைபடம் ஆய்வேட்டில் ஏறும். 'இன்புட் அவுட்புட் எரர்' என்று அன்று செத்த கணக்குகளை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவை உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்தன.

பூட்டைக் கழற்றுவோர் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். வலைக்கோப்பு முறையில் ஒவ்வொரு கணிப்பொறியும் தான் படித்ததன் நகலைத் தன்னிடம் சேமித்து வைத்துக் கொள்கிறது. பூட்டுப் பெறும்போது அது பழைய நகலை நம்பாமல் சர்வரிடம் புதிதாய்க் கேட்கும். பூட்டை விடும்போது தான் எழுதியதைச் சர்வரிடம் சேர்த்துவிட்டே விடும். ஆகவே நிரல் பூட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டால் முறை தவறுவதோடு நிற்பதில்லை. நேற்றைய நகலைப் படித்துவிட்டு இன்றைய கணக்கைச் செய்யும் நிலையும் வருகிறது. நம் மொழியில் பூட்டு என்பதற்கு ஏர் பூட்டுதல் என்றும் பொருள் உண்டு. பல மாடுகளை ஒரு சாலில் நடத்துவதற்கும் பூட்டுத்தான் வேண்டியிருக்கிறது. இந்த இடத்துக்கு இரும்புப் பூட்டைவிட அந்தப் பொருளே பொருத்தம்.

என்னோடு மாறுபடுவோர் சொல்வதிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. "நான் வேதியியல் படிக்க வந்தேன், கோப்பு முறையைப் பழுது பார்க்க வந்தேனா? வெள்ளிக்கிழமைக்குள் படம் கேட்கிறார் பேராசிரியர்" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை வரத்தான் செய்யும். பூட்டு உண்மையிலேயே தேவைப்படாத இடங்களும் உண்டு. முடிந்துபோன தரவுக் கோப்பு ஒன்றைப் பலர் படிக்க மட்டும் செய்கிறார்கள், எவரும் எழுதுவதில்லை என்றால், எச்.டி.எப். 5 நூலகத்தின் பூட்டை நிறுத்துவதால் ஒரு கேடும் இல்லை. எழுத முடியாதபடி ஏற்றிய கோப்பு முறையில் அது பல சமயம் தேவையும்கூட. எஸ்கியூலைட் தரவுத்தளத்தை ஆக்கியவர்களோ, பல நிரல்கள் ஒரே வேளையில் தொடும் கோப்பை வலைக்கோப்பு முறையில் வைக்கவே வேண்டாம் என்று தம் ஏட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஐபைத்தான் வரலாற்றுக் கோப்பு பூட்டிக் கொண்டு வீட்டு அடைவில் தகராறு செய்யும்போது, அதை அந்தந்தக் கணிப்பொறியின் சொந்த வட்டுக்கு மாற்றிவிடுவது அறிவுடைமை. நான் மறுப்பது கழற்றுவதை அன்று. ஏன் கழற்றுகிறோம் என்று தெரியாமல் கழற்றுவதை. இந்தக் கோப்பில் யார் எழுதுகிறார், எத்தனை பேர் எழுதுகிறார் என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர் தாராளமாகக் கழற்றட்டும். அக்காவுக்கும் அதையே சொன்னேன். அவர் கோப்பில் எழுதுபவர் ஒருவரே. கழற்றினார், படம் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது.

கணிப்பு அறைகளின் பொறுப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மாணவனுக்குத் தடம் பார்க்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. கெர்னல் குறிப்பேட்டைப் படிக்கக்கூடப் பல இடங்களில் தடை. பொட்டலம் பிடிக்கும் உரிமையை எல்லாருக்கும் திறந்துவிடக் கூடாது என்பதை ஒப்புக் கொள்கிறேன். பிறர் கோப்பின் உள்ளடக்கமும் அந்தக் கம்பியிலேயே ஓடுகிறது. பூட்டுச் செய்திகளைக் கெர்னல் குறிப்பேட்டில் எழுதச் சொல்லும் அமைப்பைத் திறந்துவிட்டு மூட மறந்தால் குறிப்பேடு வெள்ளத்தில் மூழ்கும் என்பதும் உண்மை. ஆனால் பூட்டுக் கணக்கையும் குறிப்பேட்டையும் படிக்க மட்டும் அனுமதித்தால் யாருக்கு என்ன நட்டம்? பொட்டலங்களைப் பொறுப்பாளரே பிடித்து, தொடர்புடைய பகுதியை மட்டும் மாணவனிடம் கொடுக்கலாம் அல்லவா? உரிமையும் தராமல், தாமும் பார்க்காமல், 'ரீபூட் செய்தாயா?' என்று மட்டும் கேட்டால், மாணவன் சாப்பாட்டு மேசைக்குத்தான் போவான்.

நம் மன்ற அறையில் பழைய கணிப்பொறிகள் மூன்று சும்மா கிடக்கின்றன. ஒன்றைச் சர்வராகவும் இரண்டைப் பணிக் கணிப்பொறிகளாகவும் அமைத்து, இரண்டுக்கும் வேண்டுமென்றே ஒரே பெயர் சூட்டி வைக்கச் செயலாளரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அவற்றில் யாருடைய ஆய்வேடும் இல்லை. ஆகவே எதையும் கழற்றலாம், எதையும் பிடித்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் நானும் அந்த நண்பர் இருவரும் அங்கே இருப்போம். தம் துறையில் பூட்டுக் கோளாறு உள்ளவர்கள் பிழைச்செய்தியை மட்டும் எழுதி வராமல், அது வந்த நேரத்தையும், அப்போது எத்தனை கணிப்பொறிகள் ஓடின, எந்தப் பதிப்பில் கோப்பு முறை ஏற்றப்பட்டிருந்தது என்பதையும் குறித்துக் கொண்டு வரவும். தேநீருக்கு ஏற்பாடு உண்டு.